ஜார்க்கண்டின் புகை யாருடைய கணக்கில்?

ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோட்டா மாவட்டத்தில் அதானி குழுமத்தின் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் ஒன்று 2023-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான கரி வெளிநாட்டிலிருந்து கப்பலேறி ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் கோட்டாவுக்கு வருகிறது. தண்ணீர் கங்கையிலிருந்து குழாய் வழியே வருகிறது. மின்சாரம் முழுவதையும் வங்கதேசத்துக்கு விற்பதற்கென்றே 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டுக் கட்டப்பட்ட நிலையம் அது. ஆனால் பசுங்குடில் வாயுக்களுக்கான உலகக் கணக்கு முறையில், கரி எந்த மண்ணில் எரிகிறதோ அந்த மண்ணின் பெயரில்தான் உமிழ்வு எழுதப்படும். டாக்காவில் எரியும் விளக்கின் கார்பன் இந்தியாவின் கணக்கில் ஏறுகிறது. மாநிலவாரியாகப் பிரித்தால் ஜார்க்கண்டின் தலையில் விழுகிறது.

சில வட்டாரங்கள் ஏன் உமிழ்வைக் குறைக்க முடியாமல் திணறுகின்றன என்ற கேள்விக்குக் கருத்தரங்குகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் சில உண்டு. அரசியல் உறுதி போதாது, தொழில்நுட்பம் பழையது, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்பார்கள். இவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தியாவின் நிலக்கரி வட்டாரத்தை, குறிப்பாக ஜார்க்கண்ட் வழியே ஓடும் தாமோதர் ஆற்றின் பள்ளத்தாக்கை, கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். அங்கே கரி வெறும் எரிபொருள் அல்ல. மாநில அரசின் வருமானம், ஓய்வூதியம், ரயில் கட்டணம், ஏழைக் குடும்பத்தின் அன்றாடக் கூலி எல்லாம் அதில் கட்டப்பட்டிருக்கின்றன. கரியை விட்டால் வரும் ஆதாயமோ வேறு மாநிலங்களுக்குப் போகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. இதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் ஆகிய நான்கே மாநிலங்களில் வெட்டப்படுகிறது. எரிக்கப்படுவது நாடெங்கும். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் தால்சேர் வயலிலிருந்து கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டதே முதன்மையாக மின்வாரியத்தின் கரியை இறக்கத்தான். அதற்கும் முன்பே பூம்புகார் கப்பல் கழகம் இந்த வேலைக்காகச் சொந்தக் கப்பல்கள் வைத்திருந்தது. அவற்றின் பெயர்கள் ‘தமிழ் அண்ணா’, ‘தமிழ் பெரியார்’, ‘தமிழ் காமராஜ்’. திராவிட இயக்கத்தின் தலைவர்கள் இருவரும் காங்கிரஸ் தலைவர் ஒருவரும் ஒரியக் கரியைச் சுமந்து வங்கக் கடலில் போய்வந்தது நம் மின்சார வரலாற்றின் சுவையான ஓரக் குறிப்பு.

இதைவிட நெருக்கமான தொடர்பு தாலபிராவில் இருக்கிறது. நெய்வேலி என்றதும் நாம் அறிந்த என்எல்சி நிறுவனம், ஒடிசாவின் ஜார்சுகுடா, சம்பல்பூர் மாவட்டங்களில் தாலபிரா சுரங்கத்தை 2020 முதல் நடத்துகிறது. அங்கே 2,400 மெகாவாட் அனல் மின் நிலையமும் கட்டுகிறது. அதன் மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சுரங்கத்துக்காக 2019 டிசம்பரில் தாலபிரா கிராமத்து மக்கள் காலங்காலமாகக் காத்துவந்த காட்டில் மரங்கள் வெட்டப்பட்டன. ஊரார் எதிர்த்தார்கள், வெட்டு நிற்கவில்லை. இதோடு இன்னொரு நிகழ்ச்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய அரசின் ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இடம்பெற்றன. காவிரிப் படுகை கொதித்தது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், இரண்டே வாரங்களுக்குள் மூன்று பகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியது சரிதான். ஆனால் ஒரு மாநிலம் ‘வேண்டாம்’ என்று சொன்னதும் கேட்கப்படுவதற்குப் பின்னால், அந்த மாநிலத்துக்கு வேறு தொழிலும் வேறு வருமானமும் குரலும் இருப்பது தெரிகிறது. தாலபிராவுக்கு அது இல்லை.

வருமானத்துக்கு வருவோம், முடிச்சின் நடு அங்கேதான். வெட்டப்படும் கரிக்கு மாநில அரசுக்குக் கிடைப்பது ராயல்டி, அதாவது உரிமத்தொகை. 2012 முதல் அது விலையில் 14 சதவீதம். கரியை மின்சாரமாக்கி வெளியே அனுப்பினால் மாநிலத்துக்குப் பெரிதாக ஒன்றும் வராது. மின்சாரத்தின் மீதான வரி, பயன்படுத்தும் இடத்தில் வசூலாவது. ஜிஎஸ்டியும் பொருள் சேரும் இடத்துக்குப் போகும் வரி. ஆகவே ஜார்க்கண்டுக்குக் காசு வருவது பூமியைத் தோண்டும்போது மட்டுமே. உமிழ்வைக் குறைக்கச் சொன்னால், அதன் காதில் விழுவது ‘வருமானத்தைக் குறைத்துக்கொள்’ என்பதுதான்.

ராயல்டிக்கு மேலே வரி போடலாமா என்ற வழக்கில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு இருப்பது பலருக்கு நினைவிருக்காது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தமிழ்நாடு அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1989-இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ராயல்டி என்பதே ஒரு வரிதான், அதன்மேல் மாநிலம் மேல்வரி போட முடியாது என்று தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக்கல் வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு அடுத்த 35 ஆண்டுகளுக்குக் கரி மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டது. 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைப் புரட்டியது: ராயல்டி வரி அல்ல, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம். 2005 ஏப்ரல் முதலான நிலுவையை வசூலிக்கவும் பின்னர் வழி விட்டது. ஜார்க்கண்ட் அதே ஆண்டில் கனிம நிலத்துக்கு மேல்வரி கொண்டுவந்தது. நிலக்கரி நிறுவனங்களிடமிருந்து தனக்கு 1.36 லட்சம் கோடி ரூபாய் வர வேண்டியிருப்பதாக மாநில அரசு சொல்லிவருகிறது. நியாயமான கோரிக்கையாக இருக்கலாம். ஆனால் இதன் இன்னொரு முகத்தையும் கவனியுங்கள். மாநிலத்துக்குக் கிடைத்த புதிய உரிமையும் தோண்டுவதோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. தோண்டத் தோண்டத்தான் கஜானா நிறையும்.

ரயில்வேயின் கதையும் இப்படித்தான். இந்திய ரயில்வே ஏற்றும் சரக்கில் ஏறக்குறையப் பாதி நிலக்கரி. சரக்கில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டு பயணிகள் கட்டணத்தைக் குறைவாக வைத்திருப்பது பல பத்தாண்டுப் பழக்கம். 2018-இல் புருக்கிங்ஸ் இந்தியாவுக்காக ராகுல் தோங்கியாவும் புனீத் கம்போஜும் எழுதிய ஆய்வு இந்தச் சார்பை விரிவாக ஆராய்ந்தது. சுரங்கத்திலிருந்து தொலைவில் இருக்கும் மாநிலத்துக்குத்தான் கரி அதிக விலையில் போய்ச் சேர்கிறது. ஆகவே வெயிலும் காற்றும் மலிவாகும்போது அங்கேதான் முதலில் கரி தோற்கும். அப்படித் தோற்கும்போது ரயில்வே இழப்பது மிக நீண்ட தூரச் சரக்கு, அதாவது மிக அதிகம் சம்பாதித்துத் தரும் சரக்கு. முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்துப் போகிறவரின் டிக்கெட்டுக்குக் கரி மானியம் கொடுக்கிறது என்பது அவருக்கே தெரியாது.

வேலைவாய்ப்புக் கணக்கைப் பார்த்தால் கரி ஏற்கெனவே தன் தொழிலாளர்களைக் கைவிட்டுவிட்டது புரியும். 1975-இல் கோல் இந்தியா தொடங்கியபோது ஆண்டு உற்பத்தி சுமார் 7.9 கோடி டன், ஊழியர்கள் 6 லட்சத்துக்கும் மேல். இன்று உற்பத்தி ஏறக்குறைய பத்து மடங்கு. நிரந்தர ஊழியர்கள் இரண்டே கால் லட்சம் அளவில்தான். திறந்தவெளிச் சுரங்கமும் ராட்சத இயந்திரங்களும் ஒப்பந்தக் கூலிகளும் மீதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. வேலையில் இருப்பவர் குறைந்து ஓய்வுபெற்றவர் பெருகியதால் சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதி தள்ளாடியது. அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு வழி கண்டார்கள்: வெட்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் 10 ரூபாய் வீதம் நிறுவனம் அந்த நிதியில் செலுத்துவது. கரியைக் குறைத்தால் கிழவர்களின் ஓய்வூதியம் குறையும் என்ற நிலையை இப்படித் தெரிந்தே உருவாக்கியிருக்கிறோம்.

ஊழியர் பட்டியலில் இருப்பவர்களைவிட இல்லாதவர்கள் பல மடங்கு. ராம்கர், பொகாரோ, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து ராஞ்சிக்குப் போகும் சாலையில் அவர்களைப் பார்க்கலாம். சைக்கிள் என்றுதான் பெயர். பெடலையும் சங்கிலியையும் கழற்றியிருப்பார்கள், ஏறி மிதிக்கப்போவதில்லை என்பதால். இருபுறமும் நடுச்சட்டத்திலும் சாக்குகள். 200 கிலோவுக்குக் குறையாத கரி. ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை பின்சுமையில். தாமோதர் பள்ளத்தாக்கிலிருந்து ராஞ்சிப் பீடபூமிக்கு ஏறும் சுட்டுபாலு மலைச்சாலையில் உடம்பு முழுதையும் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். கைவிடப்பட்ட குழியிலும் கழிவு மேட்டிலும் பொறுக்கிய கரி அது. அதை முதலில் திறந்த வெளியில் குவித்துப் பாதி எரித்துப் புகையை வெளியேற்றிவிடுவார்கள். அப்போதுதான் வீட்டு அடுப்புக்கும் டீக்கடைக்கும் ஆகும். வழியில் காவலர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, நகரத்தில் விற்று, வெறும் சைக்கிளோடு திரும்புவார்கள்.

சட்டத்தின் கண்ணில் இது திருட்டு. ஆகவே இவர்கள் எந்தத் தொழிலாளர் பதிவேட்டிலும் இல்லை. சுரங்கம் மூடினால் நிரந்தர ஊழியருக்கு இடமாற்றமோ இழப்பீடோ கிடைக்கும், ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம், சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை. ‘நீதியான மாற்றம்’ என்று பன்னாட்டு அரங்குகளில் பேசப்படும் திட்டங்களின் முதல் ஓட்டையே இதுதான். இழப்பவர் யார் என்று எண்ணத் தொடங்கும்போதே பெரும்பாலோர் விடுபட்டுப்போகிறார்கள்.

தன்பாத்துக்குப் பக்கத்தில் ஜரியா. இந்தியாவின் முதல்தரக் கோக் கரி கிடைக்கும் ஒரே வயல். 1916-இலேயே நிலத்தடித் தீ பதிவாகியிருக்கிறது. தனியார் முதலாளிகள் வெட்டிய சுரங்க அறைகளை மணலால் நிரப்பாமல் விட்டுப்போனதால் காற்று புகுந்து கரித் தூண்கள் தாமாகவே பற்றிக்கொண்டன. எழுபதுகளில் நாட்டுடைமை ஆன பிறகு திறந்தவெளி வெட்டு வந்தது. அது பழைய அறைகளைத் திறந்துவிட்டு இன்னும் காற்றைக் கொடுத்தது. வெடித்த தரையிலிருந்து புகை வர, பக்கத்திலேயே வீடுகள், கோயில்கள், பள்ளிகள். 2009-இல் ஜரியாவுக்கென்று 7,112 கோடி ரூபாயில் பெருந்திட்டம் போட்டு, பெல்கடியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள். போனவர்கள் பலர் திரும்பினார்கள், போகாதவர்கள் போக மறுத்தார்கள். அங்கே வீடு இருந்தது, பிழைப்பு இல்லை. 2025 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 5,940 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டத்தில்தான் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார உதவி என்ற வரி சேர்ந்தது. எரிகிற நிலத்தின் மேல் மனிதர்கள் ஏன் குடியிருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அரசுக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையின் கதை இதைவிடச் சுருக்கமானது. அடியில் தீ பரவுகிறது, எந்த நேரமும் தண்டவாளம் இறங்கலாம் என்று 2017 ஜூன் 15-இல் அந்தப் பாதையை மூடினார்கள். ஊர் எதிர்த்தது. 2019 பிப்ரவரியில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. கீழே இருந்த தீயை யாரும் அணைத்துவிடவில்லை.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. 1957-ஆம் ஆண்டின் நிலக்கரி நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் ஒருமுறை எடுத்த நிலம், கரி தீர்ந்த பிறகும் நிறுவனத்திடமே இருக்கும், உழுதவரிடம் திரும்பாது. இரண்டு ஏக்கருக்கு ஒரு வேலை என்பது கோல் இந்தியாவின் மறுவாழ்வு விதி. அந்த வேலையோடு கரிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தலைமுறைப் பந்தம் ஏற்பட்டுவிடுகிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ளவர்களுக்கு இந்த மனக்குறையை விளக்க வேண்டியதில்லை.

எஃகு இன்னொரு சிக்கல். ஜாம்ஷெட்பூரும் பொகாரோவும் ஊது உலைகளின் ஊர்கள். அங்கே கோக் கரி வெப்பத்துக்காக மட்டும் எரிவதில்லை. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பதே அதுதான். காற்றாலை மின்சாரத்தை எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேதிவினை நடக்காது. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டரை டன் அளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஹைட்ரஜன் கொண்டு செய்யும் மாற்று முறை இருக்கிறது, விலைதான் இன்னும் எட்டவில்லை.

சரி, மாற்று எரிசக்தி? இங்கேதான் பூகோளம் பழிவாங்குகிறது. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனைக் காற்றாலைகள் நின்றன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று சோட்டாநாகபுரியில் வீசுவதில்லை. ராஜஸ்தானின் வெயிலும் வெற்று நிலமும் அங்கே இல்லை. காடும் பழங்குடி நிலமும் நெல் வயலும் கலந்த மண் அது. கரியிலிருந்து வெயிலுக்கு நாடு மாறினால், முதலீடும் வேலையும் கிழக்கிலிருந்து மேற்குக்கும் தெற்குக்கும் இடம்பெயரும். ஜார்க்கண்ட் 2022-இல் சூரிய மின்சாரக் கொள்கை வெளியிட்டு ஐந்தாண்டில் 4,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. எட்டியது அதில் மிகச் சிறு பங்குதான். இதில் மாநில அரசின் மந்தத்துக்கும் பங்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தன்பாத்தில் கரியைச் சுற்றி வளர்ந்த மாஃபியாவும் அதோடு கைகோத்த அரசியலும் மாற்றத்தை விரும்புகிறவர்கள் அல்ல.

கரி வட்டாரம் மீள முடியுமா என்ற கேள்விக்கு ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கை உதாரணம் காட்டுவார்கள். முடிந்தது, ஆனால் எப்படி என்று பார்க்க வேண்டும். 1958-இல் நெருக்கடி தொடங்கியது, கடைசிச் சுரங்கம் பாட்ரோப் நகரில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அறுபது ஆண்டுகள். பல்கலைக்கழகமே இல்லாத தொழில் வட்டாரத்தில் 1965-இல் போஹும் நகரில் பல்கலைக்கழகம் திறந்தார்கள். இளைஞரை வேறு தொழிலுக்குத் திருப்பினார்கள், மூத்தவரை முன்கூட்டியே ஓய்வூதியத்தில் அனுப்பினார்கள். பின்னர் மற்ற கரி வட்டாரங்களுக்கென்று 2020-இல் ஜெர்மனி ஒதுக்கியது 4,000 கோடி யூரோ. போலந்து 2021-இல் தொழிற்சங்கங்களோடு செய்த உடன்பாட்டில் சுரங்கங்களுக்கு 2049 வரை தவணை கொடுத்தது. தென்னாப்பிரிக்கா எதிர்ப்பாடம். பணக்கார நாடுகள் 850 கோடி டாலர் தருவதாக 2021-இல் அறிவித்தன. 2022 அக்டோபரில் கோமாட்டி அனல் மின் நிலையம் மூடப்பட்டது. மாற்று வேலை வருவதற்கு முன்பே மூடல் வந்ததால் அந்த ஊர் இன்றும் கசப்போடு இருக்கிறது. பணம் முதலில், மூடல் பிறகு என்ற வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இந்தியாவிடம் அப்படி ஒரு பணப்பை இருந்தது. 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் ‘தூய எரிசக்தி’ மேல்வரி போடப்பட்டது; 2016-க்குள் அது 400 ரூபாயானது. 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது 86,440 கோடி ரூபாய். அதற்கென்ற நிதிக்குப் போனது 29,645 கோடி. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,900 கோடி. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் மேல்வரியாகப் பெயர் மாறியது. அப்படியென்றால் தாமோதர் பள்ளத்தாக்கின் கரியில் வசூலான காசு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களின் வரவுசெலவுப் பள்ளத்தையும் அடைக்கப் போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த மேல்வரியும் எடுக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமானது. பொதுக் கஜானாவில் கலந்துவிடும் அந்தப் பணத்தில் கரி மாவட்டங்களுக்கென்று எழுதப்பட்ட பங்கு ஏதும் இல்லை.

மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற ஒன்று 2015 முதல் இருக்கிறது. பழைய குத்தகைகளில் ராயல்டியில் 30 சதவீதம் அதற்கு வரும். தன்பாத்துக்குக் கிடைத்த தொகை பெரிது. ஆனால் அது குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் போகிறது. கரிக்குப் பிறகு என்ன தொழில் என்ற கேள்விக்கு அல்ல. ஜார்க்கண்ட் 2022 நவம்பரில், இந்தியாவில் முதல் மாநிலமாக, நீதியான மாற்றத்துக்கான பணிக்குழு ஒன்றை அமைத்தது. அறிக்கை எழுதும் குழுவுக்குக் கையில் நிதி இல்லை.

ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறார், ஒரு இந்தியர் 2 டன். உலக மேடையில் இந்தக் கணக்கைச் சொல்லி நாம் நியாயம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே நியாயத்தை நாட்டுக்குள்ளே ஜார்க்கண்ட் நம்மிடம் கேட்டால் பதில் இல்லை. நிலக்கரி மீதான வரியில் ஒரு பங்கு, அது வெட்டப்பட்ட மாவட்டத்தின் மாற்றுத் தொழிலுக்கே என்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அனல் மின்சாரம் வாங்கும் மாநிலம் யூனிட்டுக்குச் சில பைசாவாவது அந்தக் கணக்கில் செலுத்த வேண்டும். அது நடக்காதவரை, ‘நீங்கள் ஏன் உமிழ்வைக் குறைக்கவில்லை’ என்று தன்பாத்தைப் பார்த்துக் கேட்கும் உரிமை சென்னைக்கும் இல்லை, மும்பைக்கும் இல்லை, டெல்லிக்கும் இல்லை.